பெட்டிக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

2021 பிப்ரவரி 8 முதல் தமிழகக் கல்லூரிகள் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் திறந்தன. இறுதியாண்டு மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்றே திறந்தார்கள். விடுதிகளும் திறந்தன. முகக்கவசம், இடைவெளி, வெப்பமானி என்று அரசாணைகள் விரிவாகப் பேசின. எங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் வேறு விஷயத்தைப் பேசின. "அண்ணா, ரூம்ல என் பெட்டி இல்ல." "அக்கா, நான் போட்டுட்டுப் போன பூட்டு இது இல்ல." "சார், சாமானெல்லாம் மூட்டையாக் கட்டி மாடிப்படிக்குக் கீழ போட்டிருக்காங்க. எது யாரோடதுன்னு தெரியல."

தண்டராம்பட்டு, செங்கம், போளூர், கலசப்பாக்கம், ஜவ்வாதுமலை என்று இந்த மாவட்டத்தின் காலனிகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் படிக்கப்போன பிள்ளைகள் இவர்கள். திருவண்ணாமலையிலும் செய்யாறிலும் அரசுக் கலைக் கல்லூரிகளில் படிப்பவர்கள், ஆரணியில் பொறியியல் படிப்பவர்கள், சென்னைக்குப் போனவர்கள் எல்லோரும் உண்டு. பெரும்பாலானோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கொரோனா காலத்தில் விடுதிகளில் விட்டுவந்த இவர்களுடைய உடைமைகளுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியைக் கேட்டால் "இந்த நேரத்துல இதுவா முக்கியம்?" என்கிறார்கள். முக்கியம் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

எப்படிக் கிளம்பினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். 2020 மார்ச் 16 அன்று முதலமைச்சர் அறிவித்தார்: மறுநாள் முதல் மார்ச் 31 வரை கல்வி நிறுவனங்கள் மூடப்படும். பதினைந்து நாள் விடுமுறை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சட்டை, ஒரு நோட்டு, செல்போன் சார்ஜர் ஆகியவற்றோடு பஸ் ஏறினார்கள். பொங்கலுக்கோ தீபத்துக்கோ ஊருக்குப் போகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை அல்லவா? மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பதினைந்து நாள் பதினொரு மாதமானது. பெட்டி அங்கே, பிள்ளை இங்கே.

விடுதிப் பெட்டியில் என்ன இருக்கும் என்று தெரியாதவர்கள்தான் அதைப் "பழைய துணிமணி" என்பார்கள். வீட்டில் பீரோ உள்ள பிள்ளை சான்றிதழ்களை வீட்டில் வைத்துவிட்டுப் போகும். ஓலையும் தகரமும் கூரையாக உள்ள வீட்டில், மழைக்கும் எலிக்கும் தப்பிக் காகிதம் பிழைக்கிற இடம் விடுதியில் இருக்கிற அந்த இரும்புப் பெட்டிதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கின் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும். பல காலனி வீடுகளில் இருக்கிற ஒரே கணினி அதுதான். சீனியர்களிடம் வாங்கிய புத்தகம், மூன்று வருட ஜெராக்ஸ் நோட்டு, பாதி எழுதிய ரெக்கார்டு, அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த ஒரு நல்ல செருப்பு. சந்தை விலை போட்டால் சில ஆயிரம் வரலாம். ஒரு தலித் குடும்பத்தின் கணக்கில் அது இருபது வருடச் சேமிப்பு.

மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் நகல் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். காவல் நிலையம், தாலுகா ஆபீஸ், படித்த பள்ளி என்று அலைந்து, ஒவ்வொரு மேசையிலும் "ஏன் தொலைச்ச?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு வாங்கலாம். தொலைத்தது இந்தப் பிள்ளை இல்லையே! அலைச்சல் மட்டும் இந்தப் பிள்ளைக்கு. ஒவ்வொரு நாள் அலைச்சலும் கூட வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி. 2020-21-இல் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலியே 256 ரூபாய்தான்.

விடுதிகள் ஏன் திறக்கப்பட்டன, அறைகள் ஏன் காலி செய்யப்பட்டன என்ற காரணத்தில் எங்களுக்கு மறுப்பில்லை. படுக்கை வேண்டியிருந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர், திருவண்ணாமலை என்று ஊர் திரும்பியபோது, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விடுதிகளிலும்தான் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் எங்கள் சனமும் உண்டு. தனி அறை இல்லாத வீட்டுக்காரர்களுக்கு அந்தப் படுக்கை உயிர் காத்தது. ஆகவே கட்டடத்தை எடுத்ததற்கு எதிராக நாங்கள் பேசவில்லை. கட்டடத்தை எடுத்தவர்கள் உள்ளே இருந்த பொருளுக்கு என்ன கணக்கு வைத்தார்கள் என்றுதான் கேட்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெளிப்படையாக எழுந்த இடம் அண்ணா பல்கலைக்கழகம். 2020 ஜூனில், சென்னையில் தொற்று உச்சத்தில் இருந்தபோது, மாநகராட்சி அதன் விடுதிகளை ஜூன் 20-க்குள் ஒப்படைக்கச் சொன்னது. அறைகளில் மாணவர்களின் உடைமைகள் இருக்கின்றன, அவர்கள் இல்லாமல் எப்படித் திறப்பது என்று பல்கலைக்கழகத் தரப்பில் தயக்கம் சொல்லப்பட்டது. செய்தித்தாள்களில் வந்தது, விவாதம் ஆனது. பிறகு விடுதிகள் கொரோனா சிகிச்சை மையமாயின.

அந்த ஜூன் மாதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 19-ஆம் தேதி முதல் 30 வரை சென்னையிலும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் முழு ஊரடங்கு. பேருந்துகள் மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. திருவண்ணாமலை மூன்றாம் மண்டலம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் பேருந்து போகாது. சென்னைக்குப் போக இ-பாஸ் வேண்டும். திருமணம், மரணம், மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். "விடுதியில் என் சான்றிதழ் இருக்கிறது" என்பது அந்தப் படிவத்தில் காரணமாக இல்லை. பாஸ் கிடைத்தாலும் வாடகைக் கார் வேண்டும். போக வர நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது அன்றைய நூறு நாள் வேலைக் கணக்கில் பதினாறு நாள் கூலி. சொந்தக் கார் வைத்திருந்த பெற்றோர் எப்படியோ போய் எடுத்துவந்தார்கள். மற்றவர்களின் அறை அவர்கள் இல்லாமலே திறக்கப்பட்டது. ஜூலையில் இருந்த பேருந்தும் நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடியது செப்டம்பர் 7-க்குப் பிறகுதான். "வந்து எடுத்துக்கொள்ளலாமே" என்ற ஒரே அறிவிப்பு ஒருவருக்குச் சலுகையாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் மாறியது இப்படித்தான்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்காவது ஒரு துணைவேந்தரும் பத்திரிகைச் செய்தியும் இருந்தன. மாவட்டத்து விடுதிகளுக்கு யார் இருந்தார்கள்? இங்கே ஒரு விடுதியில், பெயர் வேண்டாம், அறைகளைத் திறந்தபோது ஒரு தாளில்கூட எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. யார் அறை, எத்தனை பெட்டி, பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா, எங்கே மாற்றினார்கள், யார் கையொப்பமிட்டார்கள் என்ற எந்தக் குறிப்பும் இல்லை. நாங்கள் மாணவர்களோடு போய்க் கேட்டபோது பொறுப்பில் இருந்தவர் சொன்னார்: "கிளீன் பண்ண வந்தவங்கதான் எடுத்திருப்பாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறோம்.

கிளீன் பண்ண வந்தவர்கள் யார்? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். நோய்க்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்ட நாளில், கையுறையும் சரியாக இல்லாமல் அந்த அறைகளுக்குள் அனுப்பப்பட்டவர்கள். அவர்களும் எங்கள் காலனிக்காரர்கள். பெட்டியைப் பறிகொடுத்த மாணவியும் திருட்டுப் பழி சுமக்கிற பணியாளரும் சில வேளை ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஆணையிட்ட அதிகாரி, சாவியை வைத்திருந்த காப்பாளர், வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆகியோர் மீது சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. கடைசியில் துடைப்பம் பிடித்திருந்த கைதான் குற்றவாளி. பொருள் காணோம் என்றால் முதலில் சேரியில் தேடு என்ற பழைய கிராமத்துப் புத்திதான் அரசு அலுவலகத்தில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பட்டியல் எழுதியிருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்பார்கள். அறை எண், பெட்டி எண்ணிக்கை, இரண்டு சாட்சிக் கையொப்பம், செல்போனில் நாலு புகைப்படம். அறைக்கு ஐந்து நிமிட வேலை. மாணவிக்குத் தன் பொருள் எங்கே என்று தெரிந்திருக்கும். பணியாளருக்குத் தான் எடுக்கவில்லை என்று காட்ட ஆதாரம் இருந்திருக்கும். ஜப்தி செய்ய வீட்டுக்கு வரும் அமீனாகூட மகஜர் எழுதிக் கையொப்பம் வாங்குகிறார். கடனாளியின் அண்டாவுக்குக் கிடைக்கிற மரியாதை மாணவரின் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. எங்களைப் பட்டியல் சாதி என்று பட்டியலிடத் தெரிந்த அரசுக்கு எங்கள் பிள்ளைகளின் பெட்டியைப் பட்டியலிடத் தெரியவில்லை.

இது கருணைக்கான வேண்டுகோளாகத் தோன்றினால், சட்டத்தைப் பார்க்கலாம். ஊரடங்கு நின்றதே 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் மேல். அதன் 65-ஆம் பிரிவு, பேரிடர்க் காலத்தில் கட்டடங்களையும் வாகனங்களையும் பிற வளங்களையும் எடுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரிகளுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். அடுத்து வருகிற 66-ஆம் பிரிவு இழப்பீடு பற்றியது. கட்டடத்தை எடுத்தால் "சம்பந்தப்பட்ட நபருக்கு" இழப்பீடு தர வேண்டும், அதனால் அவர் இருப்பிடம் மாற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. சம்பந்தப்பட்ட நபர் யார்? எடுப்பதற்குச் சற்று முன்புவரை அந்த இடத்தை உண்மையில் தன் அனுபவத்தில் வைத்திருந்தவர். அப்படி ஒருவர் இல்லாவிட்டால்தான் கட்டடத்தின் உரிமையாளர்.

விடுதி அரசின் சொந்தக் கட்டடம், மாணவர் வாடகைதாரர் இல்லை, அந்தப் பிரிவு இவர்களுக்குப் பொருந்தாது என்று அரசு வழக்கறிஞர் வாதாடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். தன் பூட்டைப் போட்டு, தன் பெட்டியை உள்ளே வைத்து, தன் பெயரில் ஒதுக்கப்பட்ட அறையை வைத்திருந்தவரின் அனுபவம் அனுபவமில்லையா என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். அறையை விடுங்கள். பெட்டி யாருடையது? அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரமில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சொத்து என்றால் நிலமும் பங்களாவும் மட்டுமில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, ஒருவர் ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கல்லூரியை மூடி, வாயிலையும் பூட்டி, மாணவர் வரவும் தடை போட்ட பிறகு, உள்ளே இருக்கும் பொருளுக்குக் காவல் அந்த நிர்வாகம்தான்.

ஒரு தலித் மாணவரின் பெட்டிக்கு விலை உண்டு என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1917-இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அண்ணல் அம்பேத்கர் நாடு திரும்பினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய புத்தகங்களும் சாமான்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கிப்போனது. போர்தானே, யார் என்ன செய்ய முடியும் என்று யாரும் கைவிரிக்கவில்லை. சாமானை ஏற்றி அனுப்பிய தாமஸ் குக் கம்பெனி இழப்பீடாக 600 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம்தான் பரோடாவுக்குப் போய் வேலையில் சேர அவருக்குக் கைகொடுத்தது. போரின் நடுவே ஒரு தனியார் கம்பெனிக்கு இருந்த கணக்கு, நூறு ஆண்டு கழித்து ஒரு மக்கள் நல அரசுக்கு இருக்கக் கூடாதா?

அதே பரோடாவில் அடுத்து என்ன நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பார்சி விடுதியில் தங்கியிருந்த அவரைத் தடியோடு வந்த கும்பல் மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்றவர் தன் சாமான்களோடு தெருவில் நின்றார். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும் நான்கு தலித் மாணவர்களும் மெத்தையையும் அம்பேத்கர் படத்தையும் தூக்கிக்கொண்டு விடுதியிலிருந்து வெளியே வந்ததை நாடே பார்த்தது. ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். 2021 ஜனவரியோடு ஐந்து ஆண்டுகள் ஆயின. கொரோனா கால விடுதிகளில் நடந்ததும் அதுவும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே நடந்தது திட்டமிட்ட வெளியேற்றம். இங்கே நடந்தது அலட்சியம். ஆனால் விடுதி அறை என்பது எங்களுக்கு வெறும் படுக்கையிடம் இல்லை, எங்கள் சாமான்கள் வெளியே கிடப்பதைப் பார்க்கும்போது வேறு பல நினைவுகளும் எழும் என்பதை அலட்சியக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலகில் எங்குமே இதை ஒழுங்காகச் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச் 10 அன்று, மார்ச் 15-க்குள் காலி செய்யுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னது. ஐந்தே நாள். ஏழை மாணவர்கள் அங்கேயும் தவித்தார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் வர முடியாத மாணவர்களின் பொருட்களை ஆள் வைத்துக் கட்டி, பெயர் ஒட்டி, கிடங்கில் வைத்தார்கள், வீட்டுக்கும் அனுப்பினார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். எங்களிடம் அரசுப் பேருந்துகள் இருந்தன. மாதக்கணக்கில் பணிமனைகளில் சும்மா நின்றன. மாவட்டத்துக்கு ஒரு பேருந்து அனுப்பி, பெயர் ஒட்டிய பெட்டிகளைத் தாலுகா தலைநகரங்களில் இறக்கியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு லேப்டாப் கைக்கு வந்திருக்கும்?

லேப்டாப் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதங்களில்தான் வகுப்பு முழுக்க இணையத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில் இறுதியாண்டுத் தேர்வும் பல்கலைக்கழகங்களில் இணைய வழியில் நடந்தது. அரசு கொடுத்த லேப்டாப் அரசு விடுதியில் பூட்டிக் கிடக்க, பிள்ளைகள் உடைந்த செல்போன் திரையில் பாடம் படித்தார்கள். 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தது. நல்லது. டேட்டாவைப் போட்டுப் படிக்க வேண்டிய கருவி படிக்கட்டுக்குக் கீழே மூட்டையில் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் 2020 மார்ச் முதல் பௌர்ணமி கிரிவலம் இல்லாமல்போனது. 14 கிலோமீட்டர் பாதையில் பூவும் கற்பூரமும் சுண்டலும் டீயும் விற்று மாதத்தில் அந்த இரண்டு நாளை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வருமானம் நின்றது. 2020 நவம்பர் 29 தீபத்துக்கும் வெளியூர்ப் பக்தர்கள் இருக்கவில்லை. பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனவர்கள் வேலையிழந்து திரும்பினார்கள். இந்த வீடுகளில் புதிதாக ஒரு புத்தகம், ஒரு சட்டை, ஒரு பெட்டி வாங்கச் சொன்னால் படிப்பை நிறுத்து என்று சொல்வதற்குச் சமம். கல்லூரி திறந்தும் போகாத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். ஒரு மாணவி சொன்னார்: "சர்டிபிகேட் இல்லாம ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க முடியல. ஸ்காலர்ஷிப் இல்லாம போய் என்ன பண்றது?" 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பட்டியல் சாதி மாணவர்களின் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தக் கோடிகள் இந்த மாணவியிடம் வந்து சேர ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் இருந்த பெட்டி காணவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

ஒன்று, கொரோனா பணிக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு விடுதியிலும், ஆதிதிராவிடர் நல விடுதி உட்பட, காணாமல்போன, சேதமான உடைமைகள் பற்றிய புகாரை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் பெற்று ரசீது தர வேண்டும். "பார்க்கலாம்" என்பது ரசீது ஆகாது.

இரண்டு, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் தரக் கல்லூரியிலேயே ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும். வருவாய்த் துறையும் காவல் துறையும் கல்வித் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. நகல் வரும்வரை உதவித்தொகையை நிறுத்தக் கூடாது.

மூன்று, லேப்டாப், புத்தகம், துணி இவற்றுக்கு இழப்பீடு வேண்டும். மாணவரிடம் பில் கேட்காதீர்கள். பழைய புத்தகக் கடையில் யாரும் பில் தருவதில்லை. ஆள் இல்லாமல் அறையைத் திறந்தவர்களிடம்தான் பட்டியல் கேட்க வேண்டும். அவர்களிடம் பட்டியல் இல்லையென்றால் மாணவர் சொல்வதே கணக்கு.

நான்கு, எழுத்து ஆதாரம் இல்லாமல் எந்தத் தூய்மைப் பணியாளர் மீதும் திருட்டுப் பழி போடக் கூடாது. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

ஐந்து, இனி எந்த விடுதியை எடுத்தாலும், மாணவருக்கு முன்கூட்டியே தகவல், வர முடிந்தவருக்குப் பயண அனுமதியும் பேருந்தும், வர முடியாதவருக்காக மாணவர் பிரதிநிதி முன்னிலையில் மகஜர், பெயர் ஒட்டிப் பூட்டிய ஒரு அறை என்று நான்கையும் கட்டாயமாக்கும் அரசாணை வேண்டும்.

ஐந்தாவதுதான் அவசரம். நோய் போய்விட்டது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நாளையே எண்ணிக்கை ஏறினால் மறுபடியும் கல்லூரியை மூடுவார்கள், மறுபடியும் விடுதியைத்தான் கேட்பார்கள். வெள்ளம், புயல் என்றாலும் அதே விடுதிதான். எங்கள் பிள்ளைகள் தங்கும் இடம் எப்போதும் எளிதாக எடுக்கக்கூடிய இடமாகவே இருக்கிறது. எடுங்கள், உயிர் காக்க எடுங்கள். கையொப்பமிட்டு எடுங்கள்.

சட்டமன்றத் தேர்தல் என்று வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் காலனிக்கு வருவார்கள், சமூகநீதி பேசுவார்கள். அவர்களிடம் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுக்கப்போகிறோம். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்களிடம் போனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அறை எண், விட்டுச்சென்ற தேதி, என்னென்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு நண்பர்களிடம் சாட்சிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு நகலைக் கல்லூரியில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு நகலைக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுவாகக் கொடுங்கள். அரசு எழுதாத பட்டியலை நாமே எழுதுவோம்.

ஜெய் பீம்!